காறை எலும்புக்கு மேலே

அண்ணன் வீட்டைவிட்டுக் கிளம்புவது ஒரு கூத்து. சமையற்கட்டு வாசலில் நின்று வலது கையை விறைப்பாக நீட்டுவான். ஆட்காட்டி விரல் கேஸ் சிலிண்டரைச் சுட்டும். "சிலிண்டர் ஓகே" என்று வாய்விட்டுச் சொல்வான். அடுத்தது மோட்டார் சுவிட்ச். "மோட்டார் ஓகே." கதவை இழுத்துப் பூட்டிய பிறகு பூட்டை நோக்கி அதே விரல், அதே குரல். தெருமுனையில் சாலையைக் கடக்கும்போதும் விடமாட்டான். வலப்பக்கம் கை நீட்டி "ரைட் ஓகே", இடப்பக்கம் கை நீட்டி "லெஃப்ட் ஓகே" என்று சொல்லிவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பான். தெற்கேயிருந்து வேலைக்கு வந்து எங்கள் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அம்மாவுக்கு மானம் போகும். "பைத்தியம் புட்சவன் மாரி கை நீட்டிக்கினு போறான் பாரு, இவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா" என்பாள்.

கம்பெனி அப்படிப் பழக்கியிருந்தது. எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரி. இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் ஒரகடம் பக்கம் மாதத்துக்கு ஒரு மதில் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. அப்படி எழும்பிய ஒரு சுவருக்குள், பிரேக் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் அண்ணனுக்கு லைனில் வேலை. ஜப்பான்காரர்கள் கூட்டு. ஒவ்வொரு பாகத்தையும் பெட்டியில் வைப்பதற்கு முன்னால் விரலால் சுட்டி, பேரைச் சொல்லி, ஓகே சொல்ல வேண்டும். வெறும் கண்ணால் பார்த்தால் பார்த்த மாதிரி இருக்கும், ஆனால் பார்த்திருக்கமாட்டோம். விரலும் வாயும் சேர்ந்தால்தான் கண் ஒழுங்காக வேலை செய்யும் என்பது அவர்கள் எண்ணம். அண்ணன் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். தன் கையைத் தாண்டிப் போன ஒரு பாகம்கூட இதுவரை திரும்பி வந்ததில்லை என்று சொல்லிக்கொள்வான். அப்பா இல்லாத வீட்டில் அவன் சொன்னதுதான் சட்டம். நானும் அதை நம்பினேன்.

நுழைவுத் தேர்வை அரசு ரத்து செய்துவிட்ட காலம் அது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே எனக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. தமிழ் வழியில் படித்தவள். ஆங்கிலம்தான் என்னைக் கொல்லப்போகிறது என்று பயந்துகொண்டு போனேன். போன மூன்றாவது வாரத்தில் ஆங்கிலம் எவ்வளவோ தேவலை என்று ஆகிவிட்டது. உடற்கூறியல் புத்தகத்தில் இருந்தது ஆங்கிலமே இல்லை. இலத்தீனும் கிரேக்கமும். ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்ட். லெவேட்டர் லேபியை சுப்பீரியாரிஸ் அலிக்வே நேசை. மூக்கோரத்தில் இருக்கிற ஒரு துளித் தசைக்கு ரயில் நீளத்துக்குப் பேர். இந்தப் பாஷையை யாரும் வீட்டில் பேசிக் கேட்டதில்லை என்பதில் நகரத்துப் பள்ளியில் படித்தவர்களும் நானும் ஒன்றுதான். ஆனால் அவர்கள் தப்பாகச் சொல்லக் கூச்சப்படவில்லை. தப்பையே தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்கள். எனக்கு வாயே திறக்காது. உடல் அறுக்கும் கூடத்தில் ஆசிரியர் இடுக்கியால் ஒரு நரம்பைத் தூக்கிப் பிடித்து "இது என்ன" என்று கேட்பார். அது என்னவென்று எனக்குத் தெரியும், எங்கிருந்து எங்கே போகிறது என்றும் தெரியும், பேர் மட்டும் தொண்டையில் நிற்கும். முதல் உள்தேர்வில் கிடைத்த மதிப்பெண்ணை இங்கே எழுத இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அந்த வாரக் கடைசியில் ஊருக்கு வந்தவள், திரும்பிப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் அழுது சொன்னதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடித்தான். கை கழுவிவிட்டு வந்து என் புத்தகத்தை மடியில் வைத்துப் புரட்டினான்.

"இதுக்கா அழுவுற? இது பார்ட் நம்பர் மாரி கீது பாப்பா. மொத்தமா பாத்தா மெரட்டத்தான் செய்யும். ஒட்ச்சி ஒட்ச்சிப் பாரு. எங்க ஒட்டிக்கினு கீது, எத்த இழுக்குது, எந்தப் பக்கம். அவ்ளோதான் மேட்டரு."

புத்தகத்தின் கடைசியில் வேர்ச்சொல் பட்டியல் ஒன்று இருந்தது. வகுப்பில் யாரும் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. அண்ணன் அதைத்தான் முதலில் பிடித்தான். ஸ்டெர்னோ என்றால் மார்பெலும்பு, கிளைடோ என்றால் காறை எலும்பு, மாஸ்டாய்ட் என்றால் காதுக்குப் பின்னால் இருக்கும் மேடு. "மூணு அட்ரஸ எய்தி ஒரே கவர்ல ஒட்டிட்டான்" என்றான். பிறகு அர்த்தங்களைப் படிக்கப் படிக்க அவனுக்குக் குஷி தாங்கவில்லை. முழங்கால் சில்லுக்கு வைத்த பேர் இலத்தீனில் சின்னத் தட்டு. இடுப்பு எலும்பு தொட்டி. தொடை எலும்பு போய் உட்காரும் குழி, காடி ஊற்றி வைக்கும் கிண்ணம். காறை எலும்பு, சின்னச் சாவி. "ஒரு சமையக்கட்டையே உள்ள வச்சித் தெச்சிகிறாங்க" என்று சிரித்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. அன்றிலிருந்து "இன்னாம்மா, தட்டு வலி எப்டி கீது" என்றுதான் விசாரிப்பான். என்ன கேட்கிறான் என்று அம்மாவுக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுச் சட்டையில்லாமல் உட்கார்ந்துகொண்டான். "வா. என் மேல விரல வச்சி, வாய்விட்டுப் பேரு சொல்லு. நான் புக்கப் பாத்து ஓகே சொன்னாத்தான் அடுத்தது. தப்பாச்சின்னா லைன் ஸ்டாப், மறுபடியும் மண்டைல இருந்து." எனக்குச் சிரிப்பும் கூச்சமுமாக இருந்தது. நெற்றியில் ஆரம்பித்தேன். ஃபிரான்டாலிஸ், ஓகே. ஆர்பிகுலாரிஸ் ஆக்குலை, ஓகே. தாடைக்கு வருவதற்குள் நாலு தடவை லைன் நின்றது. அம்மா துணி உலர்த்த வந்து, நான் அவன் மூக்கோரத்தைத் தொட்டுக்கொண்டு மந்திரம் மாதிரி எதையோ முணுமுணுப்பதைப் பார்த்துவிட்டு, "ரெண்டுக்கும் சேந்தே புட்சிகிச்சி" என்று தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

சும்மா சொல்லக்கூடாது, அது வேலை செய்தது. செத்த உடம்பைப் பார்த்து வராத பேர், உயிரோடு சிரித்துக்கொண்டு கூச்சத்தில் நெளிகிற உடம்பைத் தொட்டதும் வந்தது. ஒவ்வொரு வாரமும் வந்தேன். தலையிலிருந்து கால்வரை போக முதலில் ஒன்றரை மணி நேரம் ஆனது. அண்ணன் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தொடைமேல் வைத்துக்கொண்டு நேரம் பார்ப்பான். அவனுக்கு அதெல்லாம் சைக்கிள் டைம், லைனில் ஒரு பாகம் முடிய ஆகும் நேரக் கணக்கு. வாரா வாரம் ஐந்து நிமிடமாவது குறைய வேண்டும் என்பான். குறைந்தது. நாற்பது நிமிடத்துக்கு வந்தபோது, வகுப்பில் நான் எழுந்து நின்று பதில் சொல்ல ஆரம்பித்திருந்தேன். கேட்டுக் கேட்டு அவனுக்கும் பாதி மனப்பாடம் ஆகிவிட்டது. கம்பெனி பஸ்ஸில் கூட வருகிறவர்களின் கையைப் பிடித்து இது பைசெப்ஸ் பிராக்கியை, இது பிராக்கியோரேடியாலிஸ் என்று சொல்லி உயிரை எடுத்திருக்கிறான்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு. கழுத்துப் பக்கம் வந்திருந்தேன். இடது காறை எலும்புக்கு மேலே இருக்கும் குழியில் விரலை வைத்தபோது, தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று நழுவியது. கொண்டைக்கடலை அளவு. அழுத்தினால் ரப்பர் மாதிரி அமுங்கிக் கொடுத்தது. "வலிக்குதாண்ணா?" என்று கேட்டேன். இல்லை என்றான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. படப் புத்தகத்தில் கழுத்து நெடுக நிணநீர் முடிச்சுகளைப் பச்சைப் பாசிமணி மாதிரி வரைந்திருப்பார்கள். கூடத்தில் கிடந்த உடம்பில் நாங்கள் எட்டுப் பேர் ஒரு வாரம் தேடியும் ஒன்றுகூட அகப்படவில்லை. இதோ, என் விரலுக்குக் கீழே ஒன்று. பேரை முழுசாகச் சொன்னேன். "நோடி லிம்ஃபாட்டிசி சுப்ராகிளாவிகுலாரெஸ்."

அண்ணன் புத்தகத்தில் தேடினான். பேர் சரியாக இருந்தது. ஆனாலும் ஓகே சொல்லாமல் தானும் விரலை வைத்துப் பார்த்தான். "இது இன்னாது?" என்றான்.

"நிணநீர் முடிச்சு. எல்லாருக்கும் இருக்கும்."

"எல்லாருக்கும் இந்த எடத்துல கீதா?"

"இருக்கும்ணா. புக்லயே போட்டிருக்கு பாரு."

அவன் பார்த்தான். போட்டிருந்தது. "ஓகே" என்றான். நான் அடுத்த தசைக்குப் போய்விட்டேன்.

புத்தகம் பொய் சொல்லவில்லை. முடிச்சுகள் எல்லோருக்கும் அங்கே உண்டு. ஆனால் அந்த இடத்தில் அவை கைக்கு அகப்படக் கூடாது. முதலாம் ஆண்டில் அதை யாரும் சொல்லித் தருவதில்லை. முதலாம் ஆண்டு முழுக்கப் பேர்கள்தான். நோய்கள் எல்லாம் அடுத்த வருடத்துக்கு. எனக்குத் தெரிந்ததெல்லாம் பேர். அதைத் தெரிந்துகொண்ட திமிரில், உடம்பே தெரிந்துவிட்ட மாதிரி பேசிக்கொண்டிருந்தேன்.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அந்த முடிச்சைத் தொட்டேன். என் வரிசையில் அதற்கு ஒரு இடம் கொடுத்தேன். காறை எலும்புக்கு அடுத்தது அது. மாதம் ஆக ஆக அது விரலுக்குச் சுலபமாக அகப்பட்டது. முதலில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆனி மாதத்தில் கை வைத்ததும் நின்றது. என் விரல் தேறிவருகிறது என்று நினைத்துக்கொண்டேன். இதைவிடக் கேவலமான ஒரு வாக்கியத்தை நான் என் வாழ்க்கையில் எழுதப்போவதில்லை.

அண்ணன் ஒரே ஒரு முறை கேட்டான். "பாப்பா, இது கொஞ்சம் பெருசான மாரி கீதே?" அந்த வாரம் அவனுக்குச் சளி பிடித்திருந்தது. தொற்று ஏற்பட்டால் முடிச்சு வீங்கும் என்று எங்கேயோ படித்திருந்தேன். பெரிய டாக்டர் மாதிரி குரலை வைத்துக்கொண்டு, "சளிக்கு அப்படித்தான் வீங்கும், தானா அடங்கிடும்" என்று அள்ளிவிட்டேன். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை.

முதலாம் ஆண்டுத் தேர்வில் உடற்கூறியலில் எங்கள் வகுப்பிலேயே நான்தான் முதல். வாய்மொழித் தேர்வில் கழுத்தின் நிணநீர் முடிச்சுகளைக் கேட்டார்கள். குழு குழுவாக, மேலிருந்து கீழ்வரை, ஒன்று விடாமல் சொன்னேன். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர், எந்தப் பள்ளியில் படித்தாய் என்று விசாரித்தார். அண்ணன் கம்பெனி பஸ் முழுக்கச் சாக்லேட் கொடுத்தான். அம்மா குன்றத்தூர் மலைக்கு அழைத்துப் போனாள். படி ஏறும்போது அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. இரண்டு இடத்தில் உட்கார்ந்தான். "இன்னாடா, கெயவன் மாரி ஒக்காந்துக்கினு" என்று அம்மா கேலி செய்தாள். நானும் சிரித்தேன்.

இரண்டாம் ஆண்டில் ஞாயிற்றுக்கிழமைப் பாடம் நின்றுபோனது. மருந்துகளையும் கிருமிகளையும் ஒருவர் தோள்மேல் விரல் வைத்துப் படிக்க முடியாது. ஊருக்கு வருவதும் குறைந்தது. வரும்போதெல்லாம் அண்ணன் இளைத்துக்கொண்டே இருந்தான். ஓ.டி. செய்து செய்து உடம்பு போய்விட்டது என்றாள் அம்மா. தூங்கி எழுந்தால் பனியன் பிழிகிற மாதிரி நனைந்திருக்கிறது என்றாள். கரண்ட் கட் என்றாள். உடம்பெல்லாம் அரித்தது; மெஷினில் ஊற்றும் எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவனே சொன்னான். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கையோடு இருந்தது. எங்கள் பக்கத்தில் கம்பெனிக்குப் போகிற யாரைப் பார்த்தாலும் இளைத்துத்தான் இருந்தார்கள்.

சித்திரை முடியப்போகிற ஒரு பிற்பகல். நோய்க்குறியியல் வகுப்பு. பேராசிரியை கரும்பலகையில் கழுத்தை வரைந்து, இடது காறை எலும்புக்கு மேலே சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தார். வலியில்லாமல், ரப்பர் மாதிரி, இந்த இடத்தில் ஒரு முடிச்சு கைக்கு அகப்பட்டால் அதை ஒருநாள்கூடச் சும்மா விடக்கூடாது என்று தொடங்கி, வியர்வை, எடை குறைவது, அரிப்பு என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போனார். நான் எழுதிக்கொண்டிருந்தேன். அரிப்பு என்பதை எழுதி முடித்த பிறகு கை நின்றது. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. படப்பை வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை.

அண்ணன் கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கும் இடத்தில் காத்திருந்தேன். இறங்கி வந்தவனின் சட்டைக் காலருக்குள் அப்படியே கையை விட்டேன். ஒன்று இல்லை, மூன்று. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எலுமிச்சம்பழம் போல மேடாக நின்றது. சட்டை போட்டிருந்ததால் வெளியே தெரியவில்லை.

"இன்னா டாக்டரம்மா, நடு ரோட்டுலயே ஆரம்பிச்சிட்ட" என்று சிரித்தான். "நானே சொல்லட்டுமா? நோடி லிம்ஃபாட்டிசி சுப்ராகிளாவிகுலாரெஸ்." பிசகில்லாமல் சொன்னான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். என் தோளிலிருந்த பையை வாங்கி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

மறுநாளே எங்கள் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். எங்கள் மாணவியின் அண்ணன் என்பதால் பெரிய டாக்டரே பார்த்தார். கழுத்து, அக்குள், வயிறு என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு, நோயாளிகளிடம் முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டார். "எத்தனை நாளாப்பா இருக்கு இது?" நான் வாயைத் திறந்தேன். பதினான்கு மாதம் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ரெண்டு மாசமா சார்" என்றான் அண்ணன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். வெளியே வந்து வராந்தாவில் வைத்து, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "இந்தக் காலேஜ்ல இன்னும் மூணு வருசம் நீ தல நிமிந்து நடக்க வாணாமா?" என்றான். அவ்வளவுதான். மாசி மாதத்து ஞாயிறு அவனுக்கும் ஞாபகத்தில் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. பேருந்தைவிட்டு இறங்கி என் முகத்தைப் பார்த்த அந்த ஒரு நொடியில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டிருக்கிறான்.

சதையை எடுத்துச் சோதித்தார்கள். லிம்ஃபோமா, நிணநீர் முடிச்சில் வரும் புற்று. அறிக்கையை நான் வாங்குவதற்கு முன்னால் அவனே வாங்கிப் படித்துவிட்டான். "ஓமான்னா கட்டி, அந்த லிஸ்ட்ல இருந்திச்சி" என்றான். கல்லீரலுக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் பரவியிருந்தது. இரண்டே மாதத்தில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறதென்றால் ரொம்ப வேகமான வகையாக இருக்க வேண்டும் என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். முன்பே தெரிந்திருந்தால் பெரும்பாலும் குணமாக்கக்கூடியதுதான் என்றும் சொன்னார். வேகமான வகை என்றது என் ஆறுதலுக்காக என்று தெரிந்தது. நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். மருந்தை முடிவு செய்வது பரிசோதனை அறிக்கைதான், எத்தனை நாளாக இருக்கிறது என்பது இல்லை. ஆகவே அந்தப் பொய்யால் சிகிச்சையில் ஒன்றும் மாறவில்லை. இதை எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஏழு மாதம். வகுப்பு முடிந்ததும் வார்டுக்குப் போய்விடுவேன். டாக்டர்கள் வட்டமாகச் சுற்றிவந்து படுக்கையருகே நின்று பேசுவார்கள். நோயாளிக்குப் புரியக்கூடாத விஷயங்களுக்கு இந்த இலத்தீனும் கிரேக்கமும் எவ்வளவு வசதி என்பதை அங்கேதான் பார்த்தேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். அண்ணன் மட்டும் ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருப்பான். அவர்கள் நகர்ந்ததும் ஆரம்பிப்பான். "ஹெப்பட்டோன்னா ஈரல். ஸ்பிளீன், மண்ணீரல். மெகாலின்னா பெருசு. ரெண்டும் வீங்கிகிச்சா?" நான் என்ன சொல்லி மழுப்புவது? மழுப்ப முடியாத மாதிரி ஒவ்வொரு ஞாயிறும் உட்கார்ந்து சேர்ந்து படித்திருந்தோம். ஒருநாள் ரத்தப் பரிசோதனை வந்தபோது, "பேன்சைட்டோபீனியா. பேன்னா எல்லாம். சைட்டோ, செல்லு. பீனியா இன்னா பாப்பா?" என்றான்.

"வறுமைண்ணா" என்றேன். கிரேக்கத்தில் அதற்கு அதுதான் அர்த்தம்.

"அங்கயும் நம்ம வூட்டு கதைதானா" என்று சிரித்தான். நான் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

அவன் எப்போதும் அப்படிச் சிரித்துக்கொண்டு இருக்கவில்லை. எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள், போகிறவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள் என்று. நான்காவது முறை மருந்து ஏற்றிய பிறகு வாயெல்லாம் வெந்து, தண்ணீர்கூட விழுங்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். முடிச்சுகள் குறைந்திருக்கிறதா என்று பார்க்கக் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனேன். என் கையைத் தட்டிவிட்டான். "கைய எடு. தொட்டதெல்லாம் போதும்" என்றான். திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் ஒன்றும் நடக்காதது போல, சாப்பிட்டாயா என்று கேட்டான். வராந்தாவில் தலை நிமிர்ந்து நடக்கச் சொன்னது அவன் மனசா, தொட்டதெல்லாம் போதும் என்றது அவன் மனசா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

கார்த்திகை மாதத்தில், நல்ல மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் போய்விட்டான். இருபத்தாறு வயது. காரியத்துக்கு வந்த அவன் கூட்டாளி ஒருவர், கம்பெனி முதலுதவி அறையிலிருந்த நர்ஸ் அந்தக் கழுத்து வீக்கத்தைப் பார்த்துவிட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னதைப் பற்றிச் சொன்னார். அது நான் முதலாம் ஆண்டுத் தேர்வு எழுதுவதற்கு முன்னால் நடந்தது. "என் தங்கச்சி டாக்டருக்குப் படிக்கிது, அவளே வாரா வாரம் பாத்துகினுகீறா" என்று அண்ணன் சொல்லிவிட்டானாம். சொன்னவர் அதை என்னைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துத்தான் சொன்னார். என் தலையில் கை வைத்து, அவன் ஆசைப்பட்ட மாதிரி நல்லா படிக்கணும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

படித்தேன். வேறு என்ன செய்வது? இப்போது எங்கள் பக்கத்திலேயே ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். கம்பெனிச் சீருடையோடு வருகிறவர்கள்தான் பாதிப் பேர். விரல் வெட்டிக்கொண்டு வந்தாலும் கழுத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். கூட வேலை செய்யும் நர்ஸ் இதைப் பற்றி என் முதுகுக்குப் பின்னால் சிரிப்பதும் தெரியும். இத்தனை வருடத்தில் அந்த இடத்தில் எனக்கு மூன்று பேருக்கு அகப்பட்டிருக்கிறது. மூன்று பேரையும் அன்றைக்கே அனுப்பி வைத்தேன். அதில் இரண்டு பேர் நன்றாக இருக்கிறார்கள். கேட்கிறவர்கள் அதை எனக்கு ஆறுதலாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஒரு ஆறுதலும் இல்லை. அவர்கள் நன்றாக இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், இவ்வளவுதானே செய்ய வேண்டியிருந்தது என்றுதான் தோன்றுகிறது.

அம்மாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. என்னோடுதான் இருக்கிறாள். யார் வீட்டுக்கு வந்தாலும் அண்ணன் கதையைச் சொல்வாள். ஊரில் யாருக்கும் என்ன நோய் என்றே தெரியாதாம், அவனுக்கே தெரியாதாம், தன் பெண்தான் பஸ் ஸ்டாப்பில் வைத்துக் கழுத்தில் கை வைத்த மாத்திரத்தில் கண்டுபிடித்தாள் என்பாள். "இன்னும் கொஞ்ச நாளு முந்தி இவ கை பட்டிருந்தா என் புள்ள பொயச்சிருப்பான்" என்று முடித்துவிட்டு, வந்தவர்களின் குழந்தையை என் பக்கம் தள்ளி, கழுத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்வாள். நானும் தொட்டுப் பார்ப்பேன். ஒன்றும் இல்லை என்று சொல்வேன். அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று பலமுறை அருகில் போய் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு எதையாவது பேசிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் இதையும் எழுதியிருக்கமாட்டேன்.